மோதிர விரல் நுனி மடங்கவில்லை: கைக்கென்று தனி சர்ஜன் உண்மையிலேயே இருக்கிறார்களா?

மழைக்காகம்:
உடைந்த டம்ளர் விரலைக் கிழித்து இன்றோடு 11 நாள். போன இடத்தில் நாலு தையல் போட்டு அனுப்பினார்கள். காயம் ஆறிவிட்டது, நுனி மட்டும் மடங்கவில்லை. இப்போது ‘ஹேண்ட் சர்ஜனைப் பாருங்கள்’ என்கிறார்கள். எலும்பு டாக்டர் தெரியும், தோல் டாக்டர் தெரியும். இது நிஜமாகவே ஒரு படிப்பா, போர்டுக்காகப் போட்டுக்கொள்ளும் பெயரா?

சும்மா_ஒருவன்:
வீக்கம் வடிந்தால் தானாக மடங்கும். ஒரு மாசம் பாருங்க.

விரல்கணக்கு:
தயவுசெய்து ஒரு மாசம் பார்க்காதீர்கள். நான் கை அறுவைப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். விரலின் நடுக்கணுவை இன்னொரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மடக்கிப் பாருங்கள். துளியும் அசையவில்லை என்றால் டெண்டன், அதாவது தசையை எலும்போடு இணைத்து விரலை மடக்க வைக்கும் நார், அறுந்திருக்கலாம். நாம் அதையும் ‘நரம்பு’ என்றே சொல்கிறோம், அதனால்தான் பாதிக் குழப்பம். விரலின் ஒரு பக்கம் மரத்திருந்தால் நிஜ நரம்பும் சேர்ந்து போயிருக்கும்.

உங்கள் கேள்விக்கே பதில் அதில் இருக்கிறது. ஒரு சின்ன வெட்டில் தோல், டெண்டன், நரம்பு, ரத்தக்குழாய் நாலும் போகலாம். நாலு டாக்டர் முறைவைத்துத் தைக்க முடியாது. சான் பிரான்சிஸ்கோவின் சர்ஜன் ஸ்டெர்லிங் பன்னல் வாதாடியது இதைத்தான்: கையைத் தொடுகிறவர் அதிலுள்ள எல்லாவற்றையும் தானே கையாளத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரில் கை சிதைந்த சிப்பாய்கள் குவிந்தபோது, அமெரிக்க ராணுவம் 1944-ல் அவரை ஆலோசகராக்கி, கைக்கென்றே தனி மையங்கள் திறந்தது. அங்கே பழகியவர்களும் சேர்ந்துதான் 1946-ல் அமெரிக்கக் கை அறுவைச் சங்கம் உருவானது. முதல் தலைவர் பன்னல். தனிச் சான்றிதழ் தேர்வு வர மட்டும் 1989 வரை ஆயிற்று. எலும்பு, பிளாஸ்டிக், பொது சர்ஜன் மூன்று பேருமே எழுதலாம். ஆக, படிப்புதான்.

எனக்குப் பிடித்த பகுதி வேறு. உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடுக்கணு வரை இரண்டு டெண்டன்கள் ஒரே ஒடுக்கமான குழாய்க்குள் ஓடுகின்றன. அங்கே தைத்தால் டெண்டன் சுற்றியுள்ள குழாயோடு ஒட்டிக்கொள்ளும். பன்னலே அதை ‘நோ மேன்ஸ் லேண்ட்’ (யாரும் நுழையக் கூடாத இடம்) என்று ஒதுக்கி, தோலை மட்டும் மூடிவிட்டுப் பிறகு வேறிடத்து டெண்டனை எடுத்து ஒட்டு வையுங்கள் என்றார். 1967-ல் அமெரிக்காவின் லூயிவில் நகர சர்ஜன் ஹரால்ட் கிளெய்னர்ட்டின் குழு, அங்கேயே உடனே தைத்து நல்ல பலன் கிடைத்ததைக் காட்டியது. சூட்சுமம் தையலில் பாதி, ரப்பர் பேண்டில் பாதி! நகத்தில் கொக்கி மாட்டி, பேண்டை மணிக்கட்டுப் பக்கம் கட்டுவார்கள். நோயாளி விரலை நீட்டுவார், மடக்குவது பேண்டின் வேலை. தைத்த டெண்டன் பாரம் இழுக்காமலே வழுக்கிப் போய்வரும், ஒட்டாது. இன்று பேண்ட் குறைந்துவிட்டது, ஆனால் சீக்கிரமே அசைக்க வேண்டும் என்பது மாறவில்லை.

நாளாக ஆக அறுந்த முனை உள்ளங்கைக்குள் இழுத்துக்கொள்ளும். இரண்டு வாரத்துக்குள் என்றால் நேரடியாகத் தைக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்கு 11 ஆகிவிட்டது.

மழைக்காகம்:
பிடித்துப் பார்த்தேன், அசையவே இல்லை. சுண்டு விரல் பக்கம் மரத்தும் இருக்கிறது. நாளைக் காலை அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன்.

விரல்கணக்கு:
நல்லது. ஆபரேஷன் ஆனால் ஸ்பிளின்ட் (கையைத் தாங்கிப் பிடிக்கும் கட்டு) போடுவார்கள். ‘மடங்குதா பார்ப்போம்’ என்று நீங்களாகக் கழற்றாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் மூன்றாவது வாரம் கழற்றிவிட்டுப் பக்கெட்டைத் தூக்கினார். ‘டப்’ என்று சத்தமே கேட்டதாம். மறுபடி முதலிலிருந்து.