கூட்ஸியின் ‘ஃபோ’: பின்நவீனத்துவ வாசிப்பை எங்கிருந்து தொடங்குவது?

சாட்ஸ்வொர்த் வாசகி:
டர்பனில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு அடுத்த மாதம் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஜே. எம். கூட்ஸியின் ‘ஃபோ’ (1986). டேனியல் டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’ கதையை, அதே தீவில் ஒதுங்கிய சூசன் பார்ட்டன் என்ற பெண்ணை வைத்து மாற்றிச் சொல்லும் நாவல் இது. தன் கதையை எழுதித் தரும்படி அவள் நாடும் எழுத்தாளர் ஃபோ; தீவில் குரூசோவின் பணியாளாக இருந்த, நாக்கில்லாதவன் ஃப்ரைடே. அரை மணி நேரம் தமிழில் பேச வேண்டும். மீபுனைவு (தன்னைப் புனைவு என்று காட்டிக்கொள்ளும் புனைவு), ஊடிழைப்பிரதி (வேறு நூல்கள் ஊடாடும் நூல்), பெருங்கதையாடலின் தகர்வு (எல்லாவற்றையும் விளக்கும் பெரிய கதைகள்மீது நம்பிக்கை போவது) என்று எழுதி வைத்துக்கொண்டு நாவலில் தேடினால் எல்லாமே கிடைக்கிறது. கிடைத்ததை வைத்து என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. பின்நவீனம் பற்றி எழுதிய பிரெஞ்சு மெய்யியலாளர் லியோதாரிலிருந்து தொடங்கலாமா? ஃப்ரைடேயின் மௌனத்துக்கு எந்தக் கோட்பாடு பொருந்தும்?

கதைவழி:
அக்கா, எல்லாமே கிடைப்பதுதான் கோளாறு. அந்தப் பட்டியலோடு ‘டான் குவிக்சாட்’டுக்குப் போனாலும் கிடைக்கும். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தின் பாத்திரங்கள் 1605இல் வந்த முதல் பாகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு உத்தி இருக்கிறது என்பதால் மட்டும் நாவல் பின்நவீனம் ஆகிவிடாது.

லியோதார் வேண்டாம். 1979இல் வந்த அவருடைய ‘பின்நவீன நிலை’ கியூபெக் பல்கலைக்கழகக் குழுவுக்காக அறிவின் நிலை பற்றி எழுதப்பட்ட அறிக்கை; நாவலை வாசிக்கும் கருவி அதில் இல்லை. இலக்கியக் கோட்பாட்டாளர் பிரையன் மெக்ஹேல் 1987இல் வைத்த வேறுபாடு கைக்கு அடங்கும். நவீனத்துவ நாவல் “யாருக்கு என்ன தெரியும், எந்த அளவுக்கு நம்பலாம்?” என்று கேட்க வைக்கும். பின்நவீன நாவல் “இது எந்த உலகம், இதில் இருப்பவர் யார்?” என்று கேட்க வைக்கும். முதல் கேள்வி இரண்டாவதாக மாறும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள்.

‘ஃபோ’வில் அது மேற்கோள் குறிகளில் தெரியும். முதல் இரண்டு பகுதிகளிலும் பத்திக்குப் பத்தி குறி திறக்கிறது: சூசன் பார்ட்டன் ஃபோவுக்கு எழுதுகிறாள். மூன்றாம் பகுதியில் அவளே சொல்கிறாள், ஆனால் குறி இல்லை. யாருக்குச் சொல்கிறாள்? நான்காம் பகுதியில் ‘நான்’ அவளே இல்லை. நாவலின் தொடக்கத்தில் அவள் படகிலிருந்து தண்ணீருக்குள் நழுவும் வாக்கியத்தை, காலத்தை மட்டும் நிகழ்காலமாக்கி, அந்தப் பெயரில்லாத ‘நான்’ திரும்பச் சொல்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று: ‘text’ என்பதற்கு ‘பிரதி’ என்றால் நம் கூட்டத்தில் நகல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ‘நூல்’, ‘வரிகள்’ என்றே பேசலாம்.

மேரிட்ஸ்பர்க் நூலகம்:
சூசனின் மகள் என்று சொல்லிக்கொண்டு வரும் அந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள். அவள் பெயரும் சூசன் பார்ட்டன்தான். டீஃபோவின் ‘ராக்ஸானா’வில் (1724) தாயைத் தேடித் துரத்தும் மகளின் பெயர் சூசன். அதாவது ‘குரூசோ’ கதைக்குள் இன்னொரு நாவலின் பாத்திரம் நுழைந்து உரிமை கேட்கிறது. “இவளை யாரோ அனுப்பியிருக்கிறார்கள்” என்று சூசன் சந்தேகிக்கும்வரை முதல் கேள்வி, “அப்படியானால் நான் யார்?” என்று தன்னையே சந்தேகிக்கும்போது இரண்டாவது. ஊடிழைப்பு பற்றிப் பேச இந்த ஒரு எடுத்துக்காட்டு போதும்.

கரும்புத்தோட்டம்:
ஃப்ரைடே விஷயத்தில் கவனம் தேவை. “அர்த்தம் முடிவின்றித் தள்ளிப்போகிறது” என்று சொல்லிவிடாதீர்கள். அறுக்கப்பட்ட நாக்கை மொழி விளையாட்டாக்கிவிடும் பேச்சு அது. நாவல் வந்த 1986இல்தான் இந்த நாடு முழுவதற்கும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இங்கே உட்கார்ந்து பேசும்போது யார் வாயை யார் மூடினார்கள் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

நாக்கை யார் அறுத்தது? அடிமை வியாபாரிகள் என்பது குரூசோவின் வாய்ச்சொல் மட்டுமே. டீஃபோவின் ஃப்ரைடே (1719) பேசுவான். அவனுக்கு முதலில் கற்றுத்தரப்படும் சொற்களில் ஒன்று ‘எஜமான்’. கூட்ஸி அவனை ஆப்பிரிக்கனாக்கி, பேச்சையும் எடுத்துவிட்டார்.

ஆனால் இவன் வாய் மூடப்பட்டவன் மட்டும் இல்லை. மூன்றாம் பகுதியில், எழுதக் கற்றுத்தரும் பலகையில் பாதங்கள்மேல் கண்களை வரிசையாக வரைகிறான். சூசன் கேட்டதும் தர மறுத்து, மூன்று விரல்களை எச்சிலில் நனைத்து அழித்துவிடுகிறான். பேச முடியாமை வேறு, காட்ட மறுப்பது வேறு. இலக்கியக் கோட்பாட்டாளர் காயத்ரி ஸ்பிவாக் பிடித்துக்கொண்டது இந்த மறுப்பைத்தான். மெக்ஹேலின் இரண்டு கேள்விகளுக்கும் இந்த இடத்தில் வேலை இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகி:
நன்றி. அப்படியானால் மேற்கோள் குறிகளுக்குப் பத்து நிமிடம், மகளுக்கு ஐந்து, மீதி முழுக்கப் பலகைக்கு. சரியா?

கரும்புத்தோட்டம்:
சரி. அந்தப் பகுதியின் கடைசிப் பக்கத்தையும் எடுத்துச் செல்லுங்கள். ஃப்ரைடே ஃபோவின் தாள்களில் ‘ஓ’ (o) என்ற ஆங்கில எழுத்தையே நிரப்புகிறான். நாளைக்கு ‘ஏ’ (a) சொல்லிக்கொடு என்கிறார் ஃபோ. அது வட்டமா, எழுத்தா என்று கேட்டுவிட்டு வாசிப்பு வட்டத்தைப் பேச விடுங்கள்.