சொந்தத்துக்கும் காசா? வீட்டோடு சேர்ந்து கைவேலை விற்கிறவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

பனங்குருத்து, கிளிநொச்சி:

நானும் மாமியும் மச்சாளும் சேர்ந்து பனையோலைப் பை, தோடு, கொட்டப்பெட்டி என்கிற சின்ன ஓலைப்பெட்டி செய்து விற்கத் தொடங்கி ஆறு வருடமாகிறது. இவர் பார்சல் கட்டுவார், பஸ்ஸில் ஏற்றிவிடுவார், மற்ற நேரத்தில் "இந்தப் பை கொஞ்சம் கோணல்" என்று சொல்லுவார். போன கிழமை நடந்ததை எங்காவது கொட்டாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், எனக்கு அத்தான் முறை, வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார், பைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார், மகளின் சாமத்திய வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க 40 கொட்டப்பெட்டி வேண்டுமென்றார். எனக்கு வாயெல்லாம் பல். விலை கேட்டார், ஒன்று 450 ரூபாய் என்றேன். "சொந்தத்துக்கும் காசா பிள்ளை? ஓலை சும்மா வருகுது, மாமியும் வீட்டில் சும்மாதானே இருக்கிறா" என்று சிரித்தார். அதற்கு நான் பதில் சொல்ல வாயெடுக்க முதல், அடுப்படியில் இருந்து மாமி, "ஓம் தம்பி, நீங்கள் விரும்பினதைத் தாங்கோ" என்று சொல்லிவிட்டா. அத்தான் சொன்னதைவிட மாமி சொன்னதுதான் எனக்குச் சுட்டது.

ஓலை சும்மா வருவதில்லை. எங்கள் பக்கத்தில் நின்ற பனைகளில் பாதி சண்டையில் தலை போனவை, அதனால் பூநகரிப் பக்கமிருந்துதான் எடுக்கிறோம். ஏறி வெட்டுகிறவருக்குக் கூலி, கொண்டுவரக் கூலி. நல்ல வேலைக்குக் குருத்தோலை வேண்டும், அதற்கு அடுத்த முற்றின சார்வோலை கடகத்துக்கும் பாய்க்கும் சரி, தோட்டுக்குச் சரிவராது. குருத்தை விரித்து, ஈர்க்குக் கழற்றி, வெயிலில் காயவைத்து, பிறகு மாமி சத்தகம் என்கிற சின்னக் கத்தியால் ஓலையை மெல்லிய வார்களாக வாரக் குந்துவா. அந்தச் சத்தகத்தின் பிடி உடைந்து துணி சுற்றியிருக்கிறது. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன், அது இப்போது தேங்காய்ச் சொட்டுக் கிண்டத்தான் உதவுகிறது. தோட்டுக்கு எடுக்கிற வார் தீக்குச்சியில் பாதி அகலம்கூட வராது. ஒரு வார் மற்றதைவிட மயிரளவு அகலமாய் இருந்தாலும், இழைத்து முடியும்போது தோடு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். மாமி அளவுகோல் வைப்பதில்லை. பெருவிரல் நகத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது, அதுதான் அளவு.

கணக்குக்கு வருகிறேன். ஜிப் வைத்த ஒரு கைப்பையை 1,800க்கு விற்கிறோம். ஓலை, சாயம், உள்ளே தைக்கிற சீத்தைத் துணி, ஜிப், பிடி எல்லாம் சேர்த்து 620 போய்விடும், மிச்சம் 1,180. மாமிக்கு இரண்டு நாள் வேலை, எனக்கு அரை நாள். பிரித்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 472 ரூபாய். களை பிடுங்கப் போனால் இதைப்போல மூன்று மடங்கு கிடைக்கும். இதை நான் கொப்பியில் எழுதிக் காட்டியபோது மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்டில் இருந்து செய்கிறதுக்கு ஆர் பிள்ளை சம்பளம் கேட்கிறது" என்றா. மச்சாளோ மற்றப் பக்கம், போனில் படம் எடுத்துப் போடுவதும், இரவு பதினொரு மணிக்கு "விலை என்ன" என்று கேட்கிறவர்களுக்கு மறுமொழி சொல்லுவதும் வேலையில்லையா, அதற்கு எவ்வளவு என்று கேட்கிறாள். கேட்கிறது நியாயம்தான். ஆனால் எங்கிருந்து கொடுக்கிறது?

எங்கள் பிழையையும் சொல்லவேண்டும். கொழும்பில் ஒரு கடைக்கு 60 பை அனுப்பினோம், சிவப்பும் கறுப்பும் கலந்தவை. சாயத்தில் ஓலையை அவித்து எடுத்தால் அலசுகிற தண்ணீர் தெளியும்வரை அலசவேண்டும். திகதி நெருங்கிவிட்டதென்று இரண்டு தண்ணீரோடு நான் நிறுத்திவிட்டேன். யாரோ ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் இடுப்புப் பக்கம் முழுக்கச் சிவப்பு. 23 பை திரும்பி வந்தது, அதுவும் கார்த்திகை மழையில் நனைந்து, பூஞ்சணம் பிடித்து. மாமி ஒரு சொல் சொல்லவில்லை. திண்ணையில் இருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, நல்ல வார்களை எடுத்துத் துடைத்துக் காயவைத்தா. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தையல்காரி, புதுக்குடியிருப்பு:

அக்கா, உங்கள் மாமி எங்கள் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சியோ தெரியாது, அதே கதை.

சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த புதிதில் எங்கள் றோட்டில் மட்டும் எத்தனையோ பேருக்கு உதவியாகத் தையல் மெஷின் கிடைத்தது. கோழி, ஆடு, தையல் மெஷின், இந்த மூன்றையும் விட்டால் பெண்களுக்கு வேறு தொழில் இல்லையென்று யார் முடிவெடுத்தார்களோ. எல்லோரும் சட்டை தைத்தால் யார் தைக்கக் கொடுப்பது? அதனால் நானும் அக்காவும் சட்டைத் துணியில் மிஞ்சுகிற துண்டுகளில் தலைமுடி கட்டுகிற பட்டி, சின்னக் காசுப்பை, பிறகு துணி மாலை என்று மாறினோம். மாலை நன்றாகப் போகிறது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பாய் விரித்துப் போட்டால் ஒரு இரவில் விற்கிற அளவு மற்ற நேரத்தில் ஒரு மாதத்துக்கும் விற்காது. சனம் தூக்குக்காவடி பார்த்துவிட்டு வந்து அப்படியே எங்கள் பாயில் குந்திவிடும்.

எங்கள் பிரச்சினை தம்பி. நல்ல பிள்ளை, ஆனால் சிநேகிதர்களின் மனைவி, மனைவியின் தங்கச்சி என்று எல்லோருக்கும் கடனுக்குக் கொடுத்துவிடுவான். கேட்டால் "தருவினம்" என்பான். நாங்கள் எடுத்த கிழமைக் கடனை அறவிட வருகிறவர் மட்டும் "தருவினம்" என்று சொன்னால் திரும்பிப் போகமாட்டார், படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அக்கம்பக்கம் பார்க்கும். ஒருநாள் அம்மா அவரையே கதிரை போட்டு இருத்தி, "தம்பி, உன்ரை மனுசிக்கு ஒரு மாலை எடன்" என்று விற்றுவிட்டா. கையில் காசு வாங்கி. அந்தக் காசை அப்படியே தவணையில் சேர்த்து அவரிடமே கொடுத்தா.

தோட்டுக்கடை மனுசன், வவுனியா:

நான் ஆம்பிளை, எழுதலாம்தானே? கடை என்று சொல்வது பகிடிக்கு, முன் விறாந்தையில் ஒரு மேசை. மனைவி களிமண்ணிலும் நூலிலும் தோடு செய்வா, மகள் நிறம் பூசுவாள், நான் கொக்கி போடுவேன். கண்ணாடி போட்டும் ஒரு நாளைக்கு இரண்டு தரமாவது விரலில் குத்தும்.

நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் நாங்கள் மூடுகிற நிலைக்கு வந்தோம். கொக்கியும் மணியும் இந்தியாவிலிருந்து வந்து கொழும்புப் புறக்கோட்டையில் எடுக்கிறவை, அந்த வருடம் சாமான் இல்லை, இருந்ததும் மூன்று மடங்கு விலை. பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்தபிறகும் கிழமைக்குக் கிடைக்கிறது பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கவே காணாது, பார்சலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். அப்போதுதான் மனைவி பழைய தோடுகளைக் கழற்றிக் கொக்கியை மட்டும் திரும்ப எடுக்கத் தொடங்கினா. பழைய தோடு கொண்டுவந்தால் புதுத் தோட்டில் 50 ரூபாய் குறைவு என்று எழுதிப் போட்டோம். இன்றைக்கும் அது நடக்கிறது.

ஒரு ஆள் ஐந்து சோடி வாங்கினார், கலியாண வீடு முடிந்த அடுத்த நாள் ஐந்தையும் திருப்பித் தந்து, பிடிக்கவில்லை, காசு தாங்கோ என்றார். ஒரு தோட்டில் மல்லிகைப்பூ இதழ் ஒட்டியிருந்தது. நான் வாயைத் திறக்க முதலே மகள் அந்த இதழை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் காசு கேட்கவில்லை.

கடற்கரைக்காரி, முல்லைத்தீவு:

எல்லோரும் சொந்தக்காரரை ஏசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாறிச் சொல்கிறேன். எங்கள் சங்குமாலைகளை முதலில் வாங்கினது சொந்தக்காரர்தான், பாதி விலைக்கு. ஆனால் அவர்கள் லண்டனில் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்துத்தான் வெளி ஆட்கள் கேட்டார்கள். அதனால் முதல் தரம் குறைத்துக் கொடுப்போம், இரண்டாம் தரம் முழு விலை, அதை முதலே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவோம். பேச்சு வரத்தான் செய்யும். ஊரில் எதற்குத்தான் பேச்சு வராது.

பனங்குருத்து, கிளிநொச்சி:

கடற்கரைக்காரி சொல்வதும் சரிதான், ஆனால் இந்த அத்தானுக்கு இது மூன்றாம் தரம்!

சரி, முடிவு என்னவென்றால், அவருக்கு 40 கொட்டப்பெட்டியும் 450 படிதான் செய்துகொடுக்கிறோம். நான் ஒன்றும் வீரம் காட்டவில்லை. அவர் போனபின் மாமியிடம், இனி ஒவ்வொன்றும் முடிந்ததும் சுவரில் கரிக்கட்டியால் ஒரு கோடு போடுங்கோ, எத்தனை மணித்தியாலம் என்று நான் பக்கத்தில் எழுதுகிறேன் என்றேன். விளையாட்டுக்குத்தான் தொடங்கினா. மூன்றாம் நாள் அத்தான் இன்னொரு தரம் வந்து 300க்குத் தரமுடியுமா என்றார். மாமி சுவரைப் பார்த்தா, அவரைப் பார்த்தா, "தம்பி, ஒரு பெட்டிக்கு ஒரு பகல் போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓலையை எடுத்தா. அவர் பேசாமல் காசை எண்ணினார், இரண்டு தாள் கூடவும் வைத்தார். அந்த இரண்டு தாளையும் மாமி மச்சாளிடம் கொடுத்து, போனுக்குக் காசு போடு என்றா.

ஒன்று கேட்கவேண்டும். வவுனியா அண்ணா, காதில் போட்டுக் கொஞ்ச நாளிலேயே கறுக்காத கொக்கி நீங்கள் எங்கே எடுக்கிறீர்கள்? எங்களுக்கு வருகிறது ஒரு வியர்வைக்கே கறுத்துப்போகிறது. மாரி தொடங்க முன் சொன்னீர்களென்றால் இவரை அனுப்பி எடுத்துவிடுவேன்.