ஸ்பைனா பிஃபிடா உள்ள பிள்ளைக்கு ஊசி: எங்கே போடலாம், எங்கே கூடாது?

காரைக்குடி அக்கு (கேள்வி)

வணக்கம். செக்காலைப் பக்கம் அக்குபஞ்சர் கிளினிக். அடுத்த வாரம் 13 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியை அழைத்து வருகிறார்கள். மைலோமெனிங்கோசீல் (முதுகெலும்பு மூடாமல் தண்டுவடமும் நரம்பும் பையாக வெளியே பிதுங்கும் ஸ்பைனா பிஃபிடா), பிறந்த மறுநாளே முதுகை மூடியிருக்கிறார்கள். தலையில் நீர் கோத்ததற்கு வி.பி. ஷன்ட் (மூளை நீரை வயிற்றுக்குள் வடிக்கும் குழாய்) உண்டு. முழங்கால் வரை பலம் இருக்கிறது, பாதத்தில் உணர்ச்சி இல்லை. காலிப்பரும் (காலைத் தாங்கும் சட்டம்) அக்குள் கட்டையுமாகக் கொஞ்சம் நடை, மற்றபடி வீல்சேர். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கேத்தீட்டர் (சிறுநீரை வெளியே எடுக்கும் குழாய்).

வீட்டார் கேட்பது மலச்சிக்கல், தோள்வலி, அப்புறம் "ஒண்ணுக்குத் தானாகப் போகும்படி செய்ய முடியுமா". முதுகு, இடுப்பில் யுபி 23, டியூ 4, யுபி 32, காலில் எஸ்டி 36, எஸ்பி 6 என்ற ஊசிப் புள்ளிகள் போட்டு, பாதத்தில் மாக்ஸா (மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டுவது) கொடுக்கலாமென்று நினைக்கிறேன். இப்படிப்பட்டவர்களைப் பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ஊசி

முதல் மூன்று புள்ளிகளையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் முதுகெலும்பின் பின்சுவரே உருவாகவில்லை. தழும்புக்கு அடியில் எலும்பு தடுக்கும் என்று நம்பி ஊசியை இறக்க முடியாது. தண்டுவடம் நமக்கெல்லாம் இடுப்பு முதுகெலும்புகளில் மேலே உள்ள எல்1, எல்2 மட்டத்தில் முடிந்துவிடும். இவர்களுக்கு அது தழும்போடு ஒட்டி எல்5 வரைகூட இறங்கிக் கிடக்கும். எலும்புக் குறை தழும்பைவிட நீளமாகவும் இருக்கலாம். தழும்பின் மேல் முனைக்கு மேலே ஒரு எலும்பு, கீழ் முனைக்குக் கீழே ஒரு எலும்பு சேர்த்துக்கொண்டு, அந்த நீளம் முழுக்க நடுமுதுகு டியூ வரிசையும் அதை ஒட்டிய யுபி வரிசையும் வேண்டாம்.

அடுத்தது ஷன்ட். காதுக்குப் பின்னால் சின்னப் புடைப்பாக வால்வு தட்டுப்படும். அங்கிருந்து கழுத்து, காறை எலும்பு, நெஞ்சு வழியாக வயிற்றுக்குள் குழாய் போகிறது. விரலை வைத்தால் தோலுக்கடியில் வயர் மாதிரி உருளும். முதல் நாளே தடவிப் பார்த்துப் பேனாவால் கோடு போடுங்கள். அந்தப் பக்கத்துப் பிடரியில் ஜிபி 20, காதுக்குப் பின்னால் எஸ்ஜே 17, கழுத்து, நெஞ்சுப் புள்ளிகள் கிடையாது. வயிற்றில் குழாயின் நுனி எங்கே கிடக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் மலச்சிக்கலென்றதும் கை தானாகப் போகும் தொப்புள் பக்கத்து எஸ்டி 25-ஐயும் விட்டுவிடுங்கள். குழாயில் கிருமி ஏறினால் மூளை வரை போகும். சில வால்வுகள் காந்தத்தால் அளவு மாற்றப்படுபவை. காந்தச் சிகிச்சையும் சேர்த்துச் செய்பவரென்றால் காந்தத் தலையணை, காதில் ஒட்டும் காந்தமணி எதுவும் அவள் தலைப்பக்கம் போகவே கூடாது.

நம் ஆட்கள் தவறுவது உணர்ச்சியில்லாத காலில்தான். ஊசி போட்டதும் நோயாளி "இழுக்குது, கனக்குது" என்று சொல்வதை வைத்துத்தானே ஆழம் போதுமென்று நிறுத்துகிறோம்? இங்கே அந்தச் சொல் வராது. வரவில்லையே என்று திருகி, இன்னும் கொஞ்சம் இறக்கி, இன்னும் திருகி... கடைசியில் எலும்புறையைத் தொட்டிருப்பார்கள், உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கும். உணர்ச்சி உள்ள இடமாகப் பார்த்துப் போடுவதே மேல். கீழே போட்டே ஆகவேண்டுமென்றால் 0.20 மி.மீ. தடிமன், 15 மி.மீ. ஊசி, 3 முதல் 5 மி.மீ. ஆழம், 10 நிமிடம், திருகல் இல்லை. போடும்போது எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி, எடுக்கும்போது ஒப்பிடுங்கள். மறந்த ஊசியின் மேல் காலிப்பரை மாட்டினாலும் அவளுக்குத் தெரியாது. காதிலோ காலிலோ ஒட்டி அனுப்பும் நிலை ஊசியும் வேண்டாம்.

மாக்ஸா கூடவே கூடாது. சூட்டு விளக்கு, உப்பு ஒத்தடம், நொச்சி ஒத்தடம் எல்லாமே இதில் அடக்கம். சுடுவது அவளுக்குத் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைவென்பதால் கொப்புளம் புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாது. வீட்டிலும் சொல்லிவையுங்கள்: சித்திரை வெயிலில் முற்றத்துக் கல்லில் தவழ்ந்து போனாலே முட்டியும் பாதமும் வெந்துவிடும்.

கானாடுகாத்தான் பிசியோ

அண்ணன் சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊசிக்கு உண்மையிலேயே வேலை இருப்பது தோளில். எல்ஐ 15, எஸ்ஜே 14, கையில் எல்ஐ 11 போடலாம். அங்கே உணர்ச்சி முழுசாக இருக்கிறது. தோள்மேட்டு ஜிபி 21-ல் மட்டும் மெலிந்த பிள்ளைக்கு நேர்குத்து ஆகாது, கீழே நுரையீரல். ஷன்ட் பக்கமானால் அந்தப் புள்ளியே வேண்டாம்.

ஆனால் கட்டையின் உயரத்தைப் பார்க்காமல் ஊசி போட்டால் வலி பத்தே நாளில் திரும்பி வரும். கட்டையின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். கைப்பிடியைப் பிடிக்கையில் முழங்கை 20 முதல் 30 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். 13 வயது வளர்கிற வயசு, போன வருஷத்துக் கட்டை இந்த வருஷத்துக்குக் குட்டை. வீல்சேர் அகலமாக இருந்தால் சக்கரத்தைத் தள்ளக் கை விரிந்து போகும், அதுவும் தோளைத்தான் தின்னும்.

குப்புறப் போடாதீர்கள். கூன், கழுத்துப் பிரச்சினை இருக்கலாம். ஒருக்களித்தோ வீல்சேரில் உட்கார்ந்தபடியோ செய்யுங்கள். படுக்க வைத்தால் குதிகால், இடுப்பெலும்பு, புட்டம் மூன்றையும் முன்னும் பின்னும் பாருங்கள். அழுத்தி விட்டபின் அரை மணியிலும் போகாத சிவப்பு புண்ணின் தொடக்கம்.

கால் ஒன்று சூடாக, வீங்கி, வலியே இல்லாமல் இருந்தால் "நீர் கோத்திருக்கு" என்று ஊசி போடவேண்டாம். எலும்பு முறிந்திருக்கலாம், இந்தக் கால்களில் எலும்பு மெலிந்துதான் இருக்கும். எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள்.

வைரவன்பட்டி தொடுமுறை

ஊசியே இல்லாமல் ஒரு புள்ளியைத் தொட்டால் போதாதா? உடம்பு தானாகச் சரி செய்துகொள்ளும். கேத்தீட்டரை மெல்ல மெல்ல நிறுத்தினால்தான் சிறுநீர்ப்பைக்குச் சுரணை வரும் என்பார்கள்.

புதுவயல் செவிலி

தொடுவதில் கேடில்லை ஐயா. கேத்தீட்டரை நிறுத்தச் சொல்வதில்தான் கேடு. அந்தப் பைக்குப் போகும் நரம்பு பிறப்பிலேயே சரியாக அமையவில்லை. நிறுத்திப் பார்த்து "தானாகப் போகுது" என்று வீட்டார் சந்தோஷப்படுவது பெரும்பாலும் பை நிரம்பி வழிகிற சொட்டுதான். உள்ளே அழுத்தம் ஏறிச் சிறுநீர் மேலே சிறுநீரகத்துக்குத் திரும்பும். அது கெடுகிறபோது வலி வராது, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) ஏறிய பிறகே தெரியும். மாத்திரையையும் கேத்தீட்டர் நேரத்தையும் மாற்றும் பேச்சு சிறுநீரக மருத்துவரிடம் மட்டும்.

காரைக்குடி அக்கு, வருமுன் கேத்தீட்டர் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். கையுறை நைட்ரைல் மட்டும். சின்னதிலிருந்தே அறுவை, கேத்தீட்டர் என்று ரப்பர் பட்டுப்பட்டு இந்தப் பிள்ளைகளில் பலருக்கு லேட்டக்ஸ் ஒவ்வாமை இருக்கும். முகம் வீங்கி மூச்சடைக்கும் அளவுக்கும் போகலாம். உங்கள் கப்பிங் குப்பியின் ரப்பர் குமிழ், சில பிளாஸ்திரி, வரவேற்பறையில் கட்டிய பலூன் வரை பாருங்கள். வாழைப்பழம், பப்பாளி தின்றால் வாய் அரிக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலச்சிக்கலுக்குக் கையில் எஸ்ஜே 6, எல்ஐ 11 போட்டுப் பாருங்கள். கூடவே சாப்பிட்ட அரை மணிக்குள் கால் ஊன்றப் பலகை வைத்து உட்கார வைக்கும் பழக்கம் வேண்டும். இப்போது கொடுக்கும் மருந்தும் எனிமாவும் தொடரட்டும். ஊசியை நம்பி அதை விட்டால் வயிறு இறுகும், ஷன்ட் நீர் வடிவதுகூடத் தடைப்படலாம்.

ஒவ்வொரு தடவையும் ஊசிக்கு முன் கேளுங்கள்: புதுத் தலைவலி, வாந்தி, தூங்கி வழிதல் உண்டா? உண்டென்றால் ஷன்ட் அடைப்பாக இருக்கலாம். "தலைவலிக்கும் ஒரு புள்ளி" என்று உட்காராமல், மூளை அறுவை வசதியுள்ள மதுரைக்கு அன்றைக்கே அனுப்புங்கள். முதுகில் புது வலி, நடை தளர்வு, சிறுநீர்க் கசிவு கூடுதல் என்றால் தண்டுவடம் ஒட்டி இழுப்பதாக இருக்கலாம். அதற்கும் ஊசி இல்லை.

காரைக்குடி அக்கு

ரொம்ப நன்றி. மாக்ஸாவை எடுத்து வைத்துவிட்டேன், முதுகுப் புள்ளிகளும் இல்லை. தோளும் கையும் மட்டும். இன்னொன்று: முதுகுவலியென்று வரும் பெரியவர்களின் எக்ஸ்ரேயில் "ஸ்பைனா பிஃபிடா ஒக்கல்ட்டா" (தோலுக்கடியில் மறைந்த எலும்புப் பிளவு) என்று எழுதியிருக்கிறதே, அவர்களுக்கும் இதே கட்டுப்பாடா? அந்தப் பிள்ளையின் அம்மா அடுத்த குழந்தையைப் பற்றியும் கேட்கிறார்.

தேவகோட்டை ஊசி

ஒக்கல்ட்டா நூற்றில் பத்திருபது பேருக்கு இருக்கும். பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, வலிக்கு அதைக் காரணமாக்கவும் வேண்டாம். அந்த எலும்பின் நடுக்கோட்டிலும் யுபி 32-லும் மட்டும் ஆழமாக இறக்காதீர்கள். சட்டையைத் தூக்கிப் பாருங்கள்: இடுப்பு நடுவில் மயிர்க்கொத்து, குழி, கொழுப்புக் கட்டி, சிவந்த மச்சம் இருந்தால் எம்.ஆர்.ஐ. வரும்வரை அங்கே ஊசி இல்லை.

புதுவயல் செவிலி

அம்மாவுக்கு ஃபோலிக் அமிலம். பொதுவாகக் கருத்தரிக்கக்கூடிய எல்லாப் பெண்களுக்கும் தினம் 400 மைக்ரோகிராம். ஏற்கெனவே இப்படிப் பிள்ளை பிறந்தவர்களுக்கு அதன் பத்து மடங்கு, 4 மி.கி. நம் கடைகளில் 5 மி.கி. மாத்திரைதான் சாதாரணமாகக் கிடைக்கும். கரு தரித்த 28 நாளுக்குள் நரம்புக்குழாய் மூடிவிடும், நாள் தள்ளிப்போனதென்று தெரிந்தபின் தொடங்கினால் நேரம் போய்விட்டது. குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி 12 வாரம் வரை. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவரென்றால் அதையும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி, அளவைச் சீட்டில் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.