அந்தமானில் ஆறு நாள்: நீல் தீவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பினால் போதுமா?

வைகைக்கரை:
ஜனவரி நடுவில் அம்மாவையும் (64 வயது) கூட்டிக்கொண்டு அந்தமான் போகிறோம். ஏஜென்ட் ஹேவ்லாக் தீவில் மூன்று இரவு போட்டிருக்கிறார். நீல் தீவு ஒரு பகல் போதும் என்கிறார். அம்மாவுக்கு நீச்சல், டைவிங் எதுவும் வேண்டாம். கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், ஊர்க்காரர்களோடு நாலு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான். ஏஜென்ட் பேச்சைக் கேட்கலாமா?

முந்நீர்:
கேட்காதீர்கள். முதல் தடவை நானும் பகல் பயணமாகத்தான் போனேன். லட்சுமண்பூர் பக்கம் இருக்கும் பாறை வளைவைக் காட்ட, டிரைவர் மதியம் பன்னிரண்டுக்குக் கொண்டுபோய் விட்டார். கடல் ஏறி நிற்கிறது, நடக்க வழியே இல்லை. 'அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்றார். டிக்கெட் அவரா எடுத்துத் தருவார்?

அடுத்த தடவை இரண்டு இரவு தங்கி, விடிந்ததும் வற்றத்தில், அதாவது கடல் உள்வாங்கும் நேரத்தில் போனோம். கண்ணுக்கெட்டிய வரை பாறை, குழிகளில் கணுக்கால் தண்ணீர். கூட வந்த பெரியவர் ஒரு குழி முன்னால் குந்திக்கொண்டு, 'இதில் எது கல், எது உயிர்?' என்றார். நான் கல் என்று காட்டியது கடலட்டை. சும்மா கிடந்த சங்கு ஒன்று கால் முளைத்து நடந்துபோனது, உள்ளே நண்டு. அந்தப் பாறை வளைவுக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் ஹவுரா பாலம், கொல்கத்தா பாலத்தின் பெயர். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே நிறைய.

வற்றம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். தை அமாவாசையை ஒட்டிப் போனால் யோகம்தான், கடல் நன்றாக உள்வாங்கும். பாறை வழுக்கும், அம்மாவுக்குப் பிடிப்பான செருப்பு வேண்டும். முடியாவிட்டால் பரத்பூர் கரையில் உட்காரட்டும், அலை அதிகம் இருக்காது.

அப்புறம், அஸ்தமனத்துக்கு ஆறு மணிக்குக் கிளம்பாதீர்கள். கடிகாரம் நம்முடையதுதான், தீவு ரொம்பக் கிழக்கே. ஜனவரி நடுவில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், மதுரைக்கு ஒரு மணி நேரம் முன்னால்.

கட்டுச்சோறு:
நீல் நீல் என்று ஹேவ்லாக்கை விட்டுவிடாதீர்கள். ராதாநகர் கடற்கரை (ஊரில் கேட்டால் ஏழாம் நம்பர்) ஒரு மாலைக்காவது வேண்டும். படகு டிக்கெட்டில் பெயர்கள் குழப்பும்: 2018 முதல் ஹேவ்லாக் சுவராஜ் துவீப், நீல் ஷாஹீத் துவீப். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். பவளத்துண்டு எதையும் பையில் போடாதீர்கள், சட்டப்படி குற்றம்.

வைகைக்கரை:
சரி, இரண்டிலும் இரண்டு இரவு கேட்கிறேன். அம்மாவுக்கு இந்தி தெரியாதே?

முந்நீர்:
போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் தமிழே போதும். நீலில் வங்காளமும் இந்தியும்தான். ஆனால் என் மாமியார் அங்கே காய் விற்ற அம்மாவிடம் அரை மணி நேரம் தமிழில் பேசினார், அந்த அம்மா வங்காளத்திலேயே பதில் சொன்னார். திரும்பும்போது கையில் ஒரு முழுப் பூசணி. அறையில் அடுப்பு கிடையாது. அது எங்களோடு படகேறி போர்ட் பிளேர் வரை வந்தது.