குரோஷா ஆமை பொம்மைக்குப் பருத்தி நூல் எங்கே கிடைக்கும்?

தோழிகளுக்கு வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். தை மாதம் அக்கா மகளுக்கு முதல் பிறந்தநாள். வருகிற குழந்தைகளுக்கெல்லாம் குரோஷாவில் (கொக்கி ஊசிப் பின்னலில்) ஆளுக்கொரு ஆமை பொம்மை பின்னிக் கொடுக்க ஆசை. அந்தச் சமயத்தில்தான் நம் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிட வரும். அதனால் வேறு உருவம் எதிலும் மனம் போகவில்லை.

ஓடு அழகாக வருகிறது. நடு வளையத்தில் 6 கண்ணி, அடுத்த சுற்றில் 12, பிறகு 18 என்று கூட்டிக்கொண்டே போனால் வட்டம் தட்டையாக விரிகிறது. கூட்டுவதை நிறுத்தியதும் கிண்ணமாகக் குழிகிறது. சிக்கல் பஞ்சு அடைக்கும்போதுதான். 3.5 மி.மீ. ஊசியில் போட்ட கண்ணிகள் இழுபட்டு, பச்சை நூலுக்கு நடுவே வெள்ளைப் பஞ்சு தெரிகிறது. 2.5 மி.மீ. ஊசிக்கு மாறினால் அக்ரிலிக் நூல் இழை பிரிந்து மாட்டிக்கொள்கிறது.

புதுச்சேரி நேரு வீதிப் பக்கமோ திருப்பாதிரிப்புலியூரிலோ, சாயம் போகாத நான்கு இழைப் பருத்தி நூல் சில்லறையில் எங்கே கிடைக்கும்? எதையும் வாயில் வைத்துச் சப்பும் வயது, அதனால் சாயம்தான் எனக்குப் பெரிய கவலை.

பிளாஸ்டிக் கண்கள் நிச்சயம் வேண்டாம். பிய்த்து விழுங்கிவிட்டால் மூச்சடைக்கும். கறுப்பு நூலில் தைக்கப் போகிறேன். இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் அமைய, பஞ்சு அடைக்கும் முன் தைப்பது நல்லதா, பின்னரா? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.