பெட்டியிலிருந்து கழற்றினால் பாஸ் எங்கே போகிறது?

கேள்வி (புதுவூஃபர்):
8 அங்குல வூஃபரை (பாஸ், அதாவது அடித்தொனி ஒலிக்கும் ஸ்பீக்கரை) பெட்டியிலிருந்து கழற்றி, மேசைமேல் வைத்துப் பாட்டுப் போட்டேன். கோன் (முன்னும் பின்னும் ஆடும் கூம்பு) முன்பைவிட வேகமாக ஆடுகிறது, பாஸ் மட்டும் சுத்தமாகக் காணோம். ஏன்?

மரப்பெட்டி:
கோன் முன்னால் வரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே நேரம் பின்பக்கம் அழுத்தம் குறைகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.5 மீட்டர். உங்கள் கோனின் அகலம் 20 சென்டிமீட்டர்கூட வராது. அதனால் முன்னால் அழுந்திய காற்று விளிம்பைச் சுற்றிச் சாவகாசமாகப் பின்னால் போய், அங்கே குறைந்த அழுத்தத்தை நிரப்பிவிடுகிறது; இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் பாஸ் கேட்பதில்லை. ஒரு பெரிய பலகையில் வட்டமாக வெட்டி வூஃபரை அதில் மாட்டுங்கள். பெட்டியே இல்லாமல் பாஸ் ஓரளவு திரும்பி வரும்.

புதுவூஃபர்:
சரி, அப்படியென்றால் பெட்டியை முழுக்க அடைத்துவிடலாமே? என் பெட்டியில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்களே!

மரப்பெட்டி:
அடைக்கலாம். எனக்குப் பிடித்ததும் அடைத்த பெட்டிதான், அதன் பாஸ் இழுக்காமல் சட்டென்று நிற்கும். ஆனால் உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி கோனை இறுக்கும். பெட்டி சின்னதாக இருந்தால் அடிமட்ட பாஸ் போய்விடும்.

குழாய்க்குள் இருக்கும் காற்றுக்கு எடை உண்டு. அந்த எடையும் பெட்டிக்காற்றின் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆடும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு இதுதான். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டோன் ஜெனரேட்டர் ஆப்பில் (நாம் சொல்லும் அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் ஆப்), சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, 80 ஹெர்ட்ஸிலிருந்து மெல்லக் கீழே இறக்குங்கள். ஓரிடத்தில் கோன் ஏறக்குறைய நின்றுவிடும், பாஸ் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். குழாய் வாயில் கையை வைத்தால் காற்று அடிப்பது தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. அதற்கும் கீழே போனால் கோன் கட்டுப்பாடில்லாமல் ஆட ஆரம்பிக்கும், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சுருள்காயில்:
ஒன்று சேர்க்கிறேன். அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். சின்ன ஸ்பீக்கர் திணறுவது இதனால்தான். குழாய் நீளத்தைக் குத்துமதிப்பாக வெட்டாதீர்கள். 1961-இல் நெவில் தீல் தொடங்கி, பின்னர் ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கிய அளவீடுகள் வூஃபரின் விவரத்தாளிலேயே இருக்கும். எஃப்எஸ் (வூஃபரின் சொந்த ஒத்ததிர்வு அதிர்வெண்), க்யூடிஎஸ் (அந்த ஆட்டம் எவ்வளவு அடக்கப்படுகிறது என்பதன் அளவு), விஏஎஸ் (கோனின் தொங்கலுக்குச் சமமான ஸ்பிரிங் தன்மை உள்ள காற்றின் கனஅளவு) மூன்றையும் இங்கே போடுங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன்.

மரப்பெட்டி:
பெட்டியின் உள்ளளவையும் லிட்டரில் சொல்லுங்கள். அப்புறம், போர்ட் பெட்டிக்கு (குழாய் வைத்த பெட்டிக்கு) ஈக்வலைசரில் 25 ஹெர்ட்ஸை ஏற்றிவிடாதீர்கள். பாஸ் அதிகமாகாது, வாய்ஸ் காயில்தான் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்) அடிவாங்கும்.