சொந்தச் செலவில் அச்சான நாவல்கள் வழியே கறுப்பின வரலாறு: உங்கள் அனுபவம் என்ன?

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்கள் பலர் பெரிய பதிப்பகங்களின் பதிலுக்குக் காத்திராமல், தங்கள் ஊர் வரலாற்றை நாவலாக எழுதித் தாங்களே வெளியிடுகிறார்கள். அப்படிப்பட்ட நாவல் வழியாக நீங்கள் முதன்முதலில் அறிந்த சம்பவம் எது? படித்து முடித்தபின் என்ன செய்தீர்கள்? நானே தொடங்கி வைக்கிறேன்.

வட கரோலினாவில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வில்மிங்டன் நகரம் எங்கள் குடும்பத்துக்குக் கடற்கரைக்குப் போகும் வழியில் இருக்கும் ஊர், அவ்வளவுதான். ஒரு தேவாலய வளாகத்துச் சந்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சிறிய மேசை போட்டுத் தம் நாவலைத் தாமே விற்றுக்கொண்டிருந்தார். அட்டை அழகாக இல்லை. உள்ளே பக்கத்துக்கு ஓர் எழுத்துப்பிழை. துணி வெளுக்கும் பெண் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சதுப்பு நிலத்துக்குள் ஓடி, நவம்பர்க் குளிரில் இரவெல்லாம் ஒளிந்திருப்பதுதான் கதையின் நடுப்பகுதி. எதற்காக ஓடுகிறாள் என்பது எனக்குப் பாதிப் புத்தகம் வரை புரியவில்லை. அந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு முதல் பக்கத்திலேயே புரிந்திருக்கும்.

1898 நவம்பர் 10. வில்மிங்டனில் அப்போது கறுப்பினத்தவரே பெரும்பான்மை. நகர மன்றத்தில் அவர்களுக்கு இடம் இருந்தது. சொந்தமாக ஒரு நாளிதழ் இருந்தது. அதன் ஆசிரியர் அலெக்ஸ் மேன்லி எழுதிய ஒரு தலையங்கத்தைச் சாக்காக வைத்து வெள்ளை ஆதிக்கவாதிகள் மாதக்கணக்கில் வெறுப்பை வளர்த்தார்கள். மாநிலத் தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கும்பல் நாளிதழ் அலுவலகத்தைக் கொளுத்திவிட்டுத் தெருக்களில் இறங்கிச் சுட்டது. மேன்லி முன்பே ஊரைவிட்டுத் தப்பியிருந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரையும் மன்ற உறுப்பினர்களையும் மிரட்டி ராஜினாமா செய்ய வைத்து, கும்பலுக்குத் தலைமை தாங்கிய ஆல்ஃபிரட் வாடெல் அன்று மாலையே மேயர் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். செத்தவர்கள் அறுபது பேருக்குக் குறையாது என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். அதைப்போலப் பல மடங்கு என்பவர்களும் உண்டு. அன்று பிணங்களை எண்ணி எழுதிவைக்க யாருக்கும் அக்கறை இல்லை. வாஷிங்டனிலிருந்து ஒரு படையும் வரவில்லை.

இதற்கு நூறாண்டுக் காலம் ‘இனக் கலவரம்’ என்றே பெயர். இரண்டு பக்கமும் சமமாக மோதிக்கொண்டதுபோல! 2000ஆம் ஆண்டில்தான் மாநிலச் சட்டமன்றம் ஓர் ஆணையம் அமைத்தது. அறிக்கை 2006இல் வெளிவந்தது. நினைவுப் பூங்கா 2008இல் திறக்கப்பட்டது.

நாவலின் இறுதியில் ஆசிரியை நான்கு பக்கம் கணக்கு ஒப்படைத்திருந்தார்: இந்தத் தெரு உண்மை, இந்த மனிதர் உண்மை, துணி வெளுப்பவள் என் கற்பனை, அவள் பாட்டி சொல்லும் பேச்சு என் குடும்பத்தில் கேட்டது. நாவலைவிட அந்த நான்கு பக்கம்தான் என்னை நூலகத்துக்குத் துரத்தியது. அங்கே இன்னொரு பெயர் கிடைத்தது: டேவிட் பிரையன்ட் ஃபுல்டன். வில்மிங்டனில் வளர்ந்து, புல்மன் நிறுவனத்தின் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் பணியாளாக வேலை பார்த்தவர். ஜாக் தோர்ன் என்ற புனைபெயரில், சம்பவம் நடந்து சில ஆண்டுகளுக்குள்ளாகவே அதை நாவலாக எழுதிவிட்டார். ஆணையம் அமைக்க மாநிலத்துக்கு ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டிருக்கிறது. ரயில் பணியாளருக்குத் தேவைப்படவில்லை.

அதே காலத்தில் சட்டன் கிரிக்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர் நாஷ்வில்லில் சொந்தப் பதிப்பகமே தொடங்கித் தம் நாவல்களை வீடு வீடாகப் போய் விற்றார். நம் சிற்றிதழ்க்காரர்கள் தோள்பையில் பிரதிகளைச் சுமந்து அலைந்த கதைதான். தேவாலயச் சந்தையில் நான் பார்த்த ஆசிரியை ஒரு புதுமையைச் செய்யவில்லை; பழைய வழக்கத்தைத் தொடர்கிறார்.

*

அட்லாண்டாவிலிருந்து எழுதுகிறேன். அக்கா சொன்ன வில்மிங்டன் கதை சோகம். எனக்குக் கிடைத்தது வேறு மாதிரி. படிக்கும்போது எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது.

ராபர்ட் ஸ்மால்ஸைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 மே 13 விடியற்காலையில், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து, அடிமை முறைக்காகப் போரிட்ட தென்தரப்பின் ‘பிளான்டர்’ என்ற நீராவிக் கப்பலை ஓட்டிக்கொண்டு போனவர். அவரே அடிமை, கப்பலைச் செலுத்தத் தெரிந்த அடிமை. வெள்ளைக்காரக் கேப்டன் இரவு கரையில் தங்கிவிட, அவருடைய வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்து, அவர் நிற்பதுபோலவே நின்று, ஒவ்வொரு கோட்டையின் முன்பும் சரியான ஊதல் குறியைக் கொடுத்துத் தாண்டினார். சம்டர் கோட்டையையும் அப்படியே தாண்டியாயிற்று. பிறகு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடியாக ஏற்றி, முற்றுகையிட்டு நின்ற வடதரப்புக் கப்பல்களிடம் போய்ச் சேர்ந்தார்.

இதெல்லாம் பாடப்புத்தகத்திலும் வரும். நான் படித்த நாவல் அவர் மனைவி ஹன்னாவின் வாயால் சொல்லப்படுகிறது. ஹன்னா ஒரு ஓட்டலில் வேலை செய்த அடிமை. அவளுடைய விலை 800 டாலர் என்று எசமானர் சொல்லியிருந்தார். ஸ்மால்ஸ் சேர்த்து வைத்திருந்தது 100 டாலர். இந்த எண்ணிக்கை உண்மை. பிடிபட்டால் கப்பலையே தகர்த்துவிடுவது, அதுவும் முடியாவிட்டால் எல்லோரும் கைகோத்துக் கடலில் குதிப்பது என்று முடிவெடுத்திருந்ததும் உண்மை. நாவலில் ஓர் இடம்: கப்பலின் அடித்தட்டில் இருட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பெண்கள், குழந்தை அழுதுவிடக் கூடாதே என்று வாயில் துணி வைக்கலாமா என யோசிக்கிறார்கள். மேலே ஊதல் சத்தம். அது ஒழுங்காக ஊதப்பட்டதா இல்லையா என்று கீழே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? வீரக் கதைகளை மேல்தட்டில் நிற்பவர் பக்கமிருந்தே கேட்டுப் பழகிவிட்டோம். அந்த அத்தியாயத்துக்காகவே அந்த ஆசிரியருடைய தட்டையான வசனங்களையெல்லாம் மன்னித்தேன்.

பின்னர் ஸ்மால்ஸ், தாம் அடிமையாகப் பிறந்து வளர்ந்த பியூஃபோர்ட் ஊருக்குத் திரும்பி, எசமானர் குடும்பத்தின் வீட்டையே வரி பாக்கி ஏலத்தில் வாங்கினார். பிறகு அமெரிக்கக் காங்கிரஸுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். வீடு இன்னும் இருக்கிறது. தனியார் வீடு என்பதால் வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம். என் மகன், “வீட்டை வாங்கிய பிறகு பழைய எசமானியம்மா எங்கே போனார்?” என்று கேட்டான். வயதான காலத்தில் அந்த அம்மாள் குழப்பத்தோடு திரும்பி வந்தார், ஸ்மால்ஸ் அவரைத் தங்க வைத்துப் பார்த்துக்கொண்டார் என்று வழிவழியாக ஒரு கதை சொல்லப்படுகிறது. நாவல் அதை அழுத்தமான ஆவணம்போல எழுதிவிட்டது. எனக்கு அந்த இடத்தில் கொஞ்சம் உறுத்தல்.

*

உறுத்தலைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். டாலஸில் எங்கள் வாசகர் வட்டத்தில் இதனாலேயே சண்டை வந்தது.

தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்ட, ஒட்டுத்துணிப் போர்வைகளில் ரகசியக் குறிகள் தைத்து வேலியில் தொங்கவிடுவார்கள் என்று பல நாவல்களில் வருகிறது. அழகான கற்பனை. வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் இதை ஏற்பதில்லை. 1999இல் வெளிவந்த ஒரு நூலுக்குப் பிறகே இது ஊரெல்லாம் பரவியது. 1930களில் அடிமை வாழ்க்கையிலிருந்து மீண்டு உயிரோடிருந்த 2,000க்கும் மேற்பட்டவர்களிடம் அரசுத் திட்டத்தின் கீழ் வாய்மொழி பதிவு செய்தார்கள். அவற்றில் இப்படி ஒரு சங்கேத முறையைக் காண முடியவில்லை. இதைச் சொன்னால், “அவர்கள் வாய்மொழியை நீ ஏன் சந்தேகிக்கிறாய்?” என்று கோபப்படுகிறார்கள். சந்தேகிப்பதே அவர்களுடைய வாய்மொழியை வைத்துத்தானே!

எனக்கு வருத்தம் என்னவென்றால், உண்மை அதைவிடப் பெரிதாகக் கிடக்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் ஸ்டில் என்ற கறுப்பினத்தவர், தப்பி வந்தவர்களை உட்காரவைத்துப் பெயர், ஊர், எசமானர், விட்டு வந்த உறவு எல்லாவற்றையும் எழுதி வைத்தார். பிடிபட்டால் அத்தனை பேருக்கும் ஆபத்து என்று ஒரு கல்லறைத் தோட்டக் கட்டடத்தில் அந்தக் குறிப்புகளை ஒளித்தார். ஒருநாள் பெற்றோரைத் தேடி வந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் தம் தாயின் பெயரைச் சொல்ல, எழுதிக்கொண்டிருந்தவருக்குக் கை நின்றுபோனது: வந்தவர், பல பத்தாண்டுகளுக்கு முன் தாய் விட்டுவிட்டு வர நேர்ந்த, ஸ்டில்லின் சொந்த அண்ணன் பீட்டர். 1872இல் இந்தக் குறிப்புகள் நூலாக வந்தன. பிந்தைய பதிப்பை ஸ்டில் தாமே வெளியிட்டார். இப்படி ஒருவர் இருக்கும்போது போர்வை எதற்கு?

*

ஓக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரம், 1921. நாவலில் படித்தேன், பிறகு தேடினேன். மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டு நாட்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியில் வெள்ளையர் கும்பல் தீ வைத்து ஏறத்தாழ 35 வட்டாரங்கள் எரிந்தன. ‘கலவரம்’ என்று எழுதியதால் காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீடு தர மறுத்தன. வில்மிங்டனைப் பற்றி அக்கா சொன்ன அதே சொல், அதே வேலை. தட்டச்சுப் பள்ளி நடத்திய மேரி பாரிஷ், மகளைக் கூட்டிக்கொண்டு தப்பியவர், அடுத்த சில ஆண்டுகளிலேயே தம் நினைவுகளையும் பலருடைய வாக்குமூலங்களையும் சிறு நூலாக அச்சிட்டார். நான் படித்த நாவலாசிரியர் அவருக்குத்தான் நன்றி சொல்லியிருந்தார்.

*

சென்னையிலிருந்து. இங்கே இந்தப் புத்தகங்களின் தாள் பதிப்பை வரவழைத்தால் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டுகிறது, மின்னூலாகவே படிக்கிறேன்.

நான் படித்தது தன் மூதாதையரைத் தேடும் ஒரு பெண்ணின் கதை. பின்னோக்கிப் போகப் போக 1870 குடிக்கணக்கில் வந்து முட்டிக்கொள்கிறாள். அதற்கு முன் 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் எசமானர் பெயர் மட்டும் இருக்கும். கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர் கிடையாது. “பெண், 34, கறுப்பு” என்ற ஒரு வரிதான் தன் கொள்ளுப்பாட்டியின் பாட்டியா என்று அவள் அறிய வழியே இல்லை. ஆசிரியர் அந்த இடத்தில் பொய்யான ஒரு கடிதத்தைக் கண்டெடுத்துக் கதையை முடிக்காமல், கறுப்பினத் தேவாலயப் பத்திரிகைகளில் விடுதலைக்குப் பின் வெளிவந்த ‘காணவில்லை’ விளம்பரங்களுக்குக் கூட்டிப்போகிறார். விற்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய், எந்த ஊரில் யாரிடம் விற்றார்கள் என்று நினைவிலிருப்பதையெல்லாம் நாலைந்து வரியில் சொல்லி, போதகர்கள் இதைச் சபையில் வாசிக்க வேண்டுகிறாள். அவை உண்மையான விளம்பரங்கள். இணையத்தில் தொகுத்து வைத்திருக்கிறார்கள். கதையைப் பாதியில் விட்டு அவற்றையே படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கேள்வி. 1811 ஜனவரியில் லூசியானாவில் சார்ல்ஸ் டெலாண்ட் தலைமையில் கரும்புத் தோட்ட அடிமைகள் திரண்டு, நியூ ஆர்லியன்ஸை நோக்கி மிசிசிப்பி ஆற்றோரமாக நடந்தார்களே, அதைப் பற்றிச் சொந்தமாக வெளியிட்ட நாவல் எதையாவது படித்திருக்கிறீர்களா? டாலஸ்காரர் மேற்பார்வை செய்து, கடைசிப் பக்கக் கணக்கு நேர்மையாக இருக்கிறது என்றால் உடனே வாங்குவேன்.